திரைக்குள்ளிருந்து வந்த மடல்கள்

பாரசீக அரண்மனை என்றதும் நம் கண்முன் எழுகின்ற காட்சி எது? பளிங்குத் தடாகம், பட்டுத் திண்டுகள், அவற்றின்மேல் சாய்ந்து, செய்வதற்கு ஒரு வேலையும் இன்றி, வருவோர் போவோரை அரைக்கண்ணால் நோக்கியிருக்கும் அழகியர். மேலைநாட்டு ஓவியர்கள் சென்ற நூற்றாண்டுகளில் தீட்டித் தீட்டி உலகின் மனத்தில் ஒட்டிவிட்ட காட்சி இது. அவ்வோவியர்களுள் மிகப் பலர் எந்த அரசரின் அந்தப்புர வாயிலையும் மிதித்தவர்கள் அல்லர் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். மிதிக்கவும் இயலாது. அந்த வாயிலில் காவல் இருந்தது. காவலரைத் தாண்டினால் திரை இருந்தது. திரையைத் தாண்டினால் வழக்கம் என்னும் மதில் இருந்தது.

ஆனால் அந்த மதிலைத் தாண்டி நாள்தோறும் வெளியே வந்துகொண்டிருந்த பொருள் ஒன்று உண்டு. அது காகிதம். தாய் மகனுக்கும், தங்கை அண்ணனுக்கும், மனைவி ஊர் சென்ற கணவனுக்கும் எழுதிய மடல்கள். ஈரானைக் காஜார் மரபினர் ஆண்ட காலத்து, அதாவது 18ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் 1925 வரையிலான காலத்து, அரச குடும்பக் காகிதங்கள் பல இன்று அச்சேறியுள்ளன. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்து பேராசிரியை அஃப்சானே நஜ்மாபாதி முன்னின்று தொடங்கிய தொகுப்புப் பணி, குடும்பங்களின் பேழைகளிலிருந்து மடல்களையும் நிக்காஹ் ஒப்பந்தங்களையும் நிழற்படங்களையும் திரட்டிப் பொதுவில் வைத்துள்ளது. இவற்றைப் படிக்கப் படிக்கப் பட்டுத் திண்டுகள் மறைகின்றன. குத்தகைக் கணக்கும், குழந்தையின் காய்ச்சலும், கடன்காரனின் நச்சரிப்பும், அரசியல் அச்சமும் அவ்விடத்தில் வந்து அமர்கின்றன.

முதலில் அந்த இல்லத்தின் அமைப்பை அறிந்துகொள்ள வேண்டும். பாரசீகப் பெருங்குடியினர் வீடு இரண்டு பகுதிகளாக இருக்கும். ஆடவர் விருந்தினரை ஏற்கும் முன்பகுதி ‘பீரூன்’, அதாவது புறம். பெண்டிரும் குழந்தைகளும் வாழும் உட்பகுதி ‘அந்தரூன்’, அதாவது அகம். அரசருக்கும் இதே அமைப்புத்தான். அளவு மட்டுமே வேறு. தெஹ்ரானின் குலிஸ்தான் அரண்மனையை ஒட்டியிருந்த நாசிருத்தீன் ஷாவின் அந்தரூன் ஓர் இல்லமன்று; ஒரு சிற்றூர். 1848 முதல் 1896 வரை ஆண்ட அம்மன்னருக்கு எண்பது மனைவியர் வரை இருந்தனர் என்றும், பணிப்பெண்களையும் சேர்த்தால் அங்கு ஐந்நூறு அறுநூறு பெண்டிர் வாழ்ந்தனர் என்றும் அவருடைய மகள் தாஜுஸ் ஸல்தனாவே எழுதி வைத்திருக்கிறார். முறையான நிக்காஹ் நால்வரோடு மட்டுமே. ஏனையோர் ஷீஆ மரபு அனுமதித்த ‘சீகா’ என்னும் காலவரை மணத்தால் வந்தவர்கள். நம் நான்கு மத்ஹபுகளும் ஏற்காத வழக்கம் அது. ஆனால் அங்கு அதுவே பல எளிய குடிப் பெண்களை அரண்மனைக்குள் கொண்டுவந்து சேர்த்தது.

அந்தரூனில் கல்வி இல்லை என்று எண்ணுவோரும் உண்டு. அங்கே ‘முல்லா பாஜி’ என்று அழைக்கப்பட்ட ஆசிரியைகள் இருந்தனர். முதலில் குர்ஆன், பிறகு சஅதியின் குலிஸ்தான், பிறகு ஹாஃபிஸ் என்பதே பாட வரிசை. அத்தகைய ஆசிரியை ஒருவரின் மகளான பீபி கானம் அஸ்தராபாதி, ஆடவரின் குற்றங்களைப் பட்டியலிட்டு 1890களில் ஒரு நூலே எழுதினார். 1907இல் தெஹ்ரானில் சிறுமியர்க்குப் பள்ளியும் தொடங்கினார். அகத்தினுள் எழுத்தறிவு இருந்தது. அது வெளியே வருவதற்குத்தான் நெடுநாள் ஆயிற்று.

அந்தரூனின் எழுத்தறிவுக்கு மிகச் சிறந்த சான்று அரசர் ஃபத்ஹ் அலீ ஷாவின் மகள் ஷா பேகம். 1799இல் பிறந்த இவருக்கு அரசர் சூட்டிய பட்டம் ஸியாவுஸ் ஸல்தனா, அரசின் ஒளி. நஸ்க் எழுத்தில் தேர்ந்த கை இவருடையது. திருக்குர்ஆனையும் துஆத் தொகுப்புகளையும் தம் கையாலேயே படியெடுத்தார், கவிதையும் இயற்றினார். இவற்றைவிட நம் கவனத்துக்குரியது வேறொன்று. அரசருடைய அந்தரங்கக் கடிதங்களை எழுதும் பொறுப்பு இவரிடமே இருந்தது. அமைச்சர்களின் எழுத்தர்கள் காணக்கூடாதவை மகளின் கைக்கு வந்தன. நூற்றுக்கு மேற்பட்ட மக்களைப் பெற்ற ஒரு மன்னர், தம் நாவாக ஒரு மகளைத் தேர்ந்தார் என்பது சாதாரணச் செய்தியா? தந்தை உயிரோடிருந்தவரை ஸியாவுஸ் ஸல்தனா மணம் செய்துகொள்ளவில்லை. 1834இல் அவர் மறைந்த பின், முப்பத்தைந்து வயதைக் கடந்த நிலையில், வெளிநாட்டு அமைச்சராக விளங்கிய மிர்ஸா மஸ்ஊதை மணந்தார். 1873இல் வஃபாத்தானார். இச்செய்திகளை நமக்குக் காத்துத் தந்தவர் அவருடைய தம்பியருள் ஒருவரான அஸுதுத் தவ்லா. முதுமையில் தம் தந்தையின் அந்தரூனை நினைந்து அவர் எழுதிய நூல் பம்பாயில் அச்சேறியது என்பதையும் இடையே சொல்லி வைக்கிறேன்.

இனி, அக்காலத்து மடல் எப்படி இருக்கும் என்பதையும் காணலாம். அடித்தல் திருத்தலுக்கு இடமின்றி ஓடும் ‘ஷிகஸ்தா’ என்னும் முறிந்த எழுத்து. வரிகள் நேராகப் போகா. இடப்புறம் செல்லச் செல்ல மேல்நோக்கி ஏறும். தாளில் இடம் தீர்ந்தால் புதுத் தாள் எடுப்பதில்லை. தாளைத் திருப்பி ஓரத்தில் தொடர்வர். அதுவும் தீர்ந்தால் மீண்டும் திருப்புவர். படிப்பவரும் தாளைச் சுழற்றிச் சுழற்றித்தான் படிக்க வேண்டும். நாளும் மாதமும் இருக்கும். பல நேரங்களில் ஆண்டு இராது. உடன் வாழ்வோர்க்கு ஆண்டு எதற்கு? வரலாற்றாசிரியர்க்குத்தான் தலைவலி. முடிவில் கையொப்பத்துக்கு மாறாக அகீக் கல்லில் பொறித்த சிறு முத்திரை. தொடக்கத்தில் ‘குர்பானத் ஷவம்’ என்னும் விளி, உமக்கு நான் குர்பானாகக் கடவேன் என்பது பொருள். குர்பான் என்னும் சொல் நமக்குப் புதிதன்று. ஆனால் அங்கே அது தாய் மகனுக்கும் மனைவி கணவனுக்கும் நாள்தோறும் எழுதிய சொல். பல மடல்களில் அது வெறும் மரபு. சிலவற்றில் அது மரபு அன்று.

அத்தகைய ஒருவரின் கதையைத்தான் சற்று விரிவாகச் சொல்ல விழைகிறேன்.

1848 செப்டம்பரில் முஹம்மது ஷா மறைந்தார். பட்டத்துக்குரிய மகன் நாசிருத்தீனுக்குப் பதினேழு வயது. அவர் இருந்ததோ தொலைவிலுள்ள தப்ரீஸில். அவர் தலைநகர் வந்து சேரும்வரை ஏறத்தாழ ஆறு வாரங்கள் ஆட்சியைத் தாங்கிப் பிடித்தவர் அன்னை மலிக் ஜஹான் கானம். வரலாற்றில் மஹ்தே உல்யா என்னும் பட்டத்தால் அறியப்படுபவர். திரைக்குப் பின் அமர்ந்து பெருங்குடியினரோடு பேசினார். ஆணைகளுக்குத் தம் முத்திரையை இட்டார். மகன் வந்து அரியணை ஏறினார். ஆனால் மகனோடு தப்ரீஸிலிருந்து வந்த ஒருவர் அன்னையின் செல்வாக்கை ஒரே நாளில் அகற்றினார். அவரே மிர்ஸா தகீ கான், ஈரானியர் இன்றும் அன்போடு நினைவுகூரும் அமீர் கபீர்.

அமீர் கபீர் ஒரு சமையற்காரரின் மகன். அறிவினாலும் உழைப்பினாலும் தலைமை அமைச்சரானவர். அம்மை குத்தும் ஏற்பாடு, அரசுச் செய்தித்தாள், தாருல் ஃபுனூன் என்னும் உயர்கல்விக் கூடம் ஆகியவை மூன்றே ஆண்டுகளில் அவர் தொடங்கியவை. அரண்மனையின் வீண் செலவையும் வெட்டினார். இளவரசர்களின் உதவித்தொகைகளைக் குறைத்தார். எதிரிகள் பெருகுவதற்கு வேறு காரணம் வேண்டுமா? இளம் மன்னரோ தம் உடன்பிறந்த ஒரே தங்கையான மலிக்ஸாதா கானத்தை, இஸ்ஸத்துத் தவ்லா என்னும் பட்டத்துக்குரியவரை, 1849இல் அவருக்கு மணம் முடித்தார். மணமகள் பதின்பருவத்தினர், மணமகன் நாற்பதைத் தாண்டியவர். அரசியல் மணம் அது. தங்கையின் விருப்பத்தை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. மஹ்தே உல்யாவுக்குத் தாம் வெறுத்த மனிதரே மருமகனாக வாய்த்தார்.

மன்னருக்கும் அமைச்சருக்கும் இடையே நாள்தோறும் சென்ற சிறு குறிப்புகள் நூற்றுக்கணக்கில் எஞ்சியுள்ளன. படை, பணம், தூதர் என்பனவற்றுக்கிடையே வீட்டுச் செய்திகளும் அவற்றில் தலைகாட்டுகின்றன. ஒரு நாட்டின் ஆட்சியும் ஒரு குடும்பத்தின் மனத்தாங்கலும் ஒரே தாளில் நடந்த காலம் அது. நாளடைவில் மாமியாரின் பக்கம் வென்றது. 1851 நவம்பரில் அமீர் பதவி இழந்தார். காஷான் நகருக்கு வெளியே உள்ள ஃபின் என்னும் தோட்டத்துக்கு அவரை அனுப்பினர்.

இங்கேதான் நாம் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. மன்னரின் தங்கை அரண்மனைக்குத் திரும்பவில்லை. கைக்குழந்தைகளான இரு பெண்மக்களையும் எடுத்துக்கொண்டு கணவருடன் ஃபின் தோட்டத்துக்குச் சென்றார். அங்கே அவர் கணவரை விட்டு அகலவே இல்லை என்றும், நஞ்சுக்கு அஞ்சி ஒவ்வோர் உணவையும் தாமே முதலில் உண்டு பார்த்தார் என்றும் அப்போது தெஹ்ரானிலிருந்த பிரிட்டிஷ் தூதரின் மனைவி ஷீல் சீமாட்டி தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். மன்னரின் தங்கைக்கு நஞ்சிட எவருக்குத் துணிவு வரும்? ஓர் இளம்பெண் தம் குருதி உறவையே கணவருக்குக் கேடயமாக்கினார். அரசியல் கணக்காகத் தொடங்கிய மணம் மூன்றாண்டுகளில் எங்கே வந்து நின்றது பாருங்கள்!

ஏறத்தாழ நாற்பது நாட்கள் அந்தக் கேடயம் தாங்கியது. தெஹ்ரானில் மன்னரிடம் கொலை ஆணை பெறப்பட்டது. அதை ஏந்தி வந்தவர் ஹாஜி அலீ கான் என்னும் அரண்மனை அதிகாரி. மன்னிப்பும் அரச அங்கியும் வருகின்றன என்ற நம்பிக்கையூட்டி அமீரைக் குளியலறைக்கு அனுப்பினர் என்று சொல்லப்படுகிறது. மனைவி உடன்வர இயலாத இடம் அந்த ஒன்றுதான். 1852 ஜனவரி 10ஆம் நாள் அங்கே அவருடைய நாளங்கள் அறுக்கப்பட்டன.

இஸ்ஸத்துத் தவ்லா கணவரின் உடலைக் கர்பலாவுக்குக் கொண்டு சேர்ப்பித்தார். பிறகு நடந்ததைச் சொல்லவே மனம் கூசுகிறது. அமீரின் இடத்தில் தலைமை அமைச்சரான மிர்ஸா ஆகா கான் நூரியின் மகனுக்கே இவரை மணம் முடித்து வைத்தனர். கைம்பெண்ணின் சம்மதமின்றி மறுமணம் இல்லை என்பது மார்க்கச் சட்டம். சம்மதம் எப்படிப் பெறப்பட்டிருக்கும் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம். 1858இல் நூரி வீழ்ந்தார். அந்த மணமும் முறிந்தது. அதன்பின் மேலும் இரு மணங்கள். பதவி மாற மாற வீடு மாறியவர் என்று அவரைப் பற்றி எழுதத் தோன்றுகிறது. ஆனால் ஃபின் தோட்டத்தை நினைக்கும்போது அப்படி எழுதிவிட்டு நகரக் கை வரவில்லை.

விதியின் வேடிக்கை ஒன்றும் இங்கே உண்டு. ஆணையை ஏந்திச் சென்ற ஹாஜி அலீ கானின் மகன் முஹம்மது ஹஸன் கான், இஃதிமாதுஸ் ஸல்தனா என்னும் பட்டத்துடன் நாசிருத்தீன் ஷாவின் அணுக்கராக விளங்கியவர். புகழ்பெற்ற பெண்டிரின் வரலாறுகளைத் திரட்டி ‘கைராதுல் ஹிஸான்’ என மூன்று தொகுதிகள் வெளியிட்டவர் அவரே.

நாசிருத்தீனின் நெடிய ஆட்சியில் அந்தரூனின் குரல் வெளியே கேட்ட தருணங்கள் இன்னும் உண்டு. இரண்டை மட்டும் சொல்லிச் செல்கிறேன். அனீசுத் தவ்லா என்னும் மனைவி தெஹ்ரானுக்கு வடகிழக்கே உள்ள ஒரு மலைக் கிராமத்து எளிய பெண். 1873இல் மன்னர் ஐரோப்பா சென்றபோது அவரையும் உடனழைத்துச் சென்றார். மாஸ்கோவை அடைந்ததும், திரை மறைவு மேலைநாட்டு விருந்துகளுக்கு ஒத்துவராது என்று தலைமை அமைச்சர் சொல்ல, அவர் திருப்பி அனுப்பப்பட்டார். மன்னர் ஊர் திரும்புவதற்குள் அந்த அமைச்சருக்கு எதிராகத் தலைநகரில் திரண்ட அணியில் அவரும் ஒருவர். மன்னர் ஈரான் கரையில் இறங்கியதும் அமைச்சரின் பதவி போயிற்று. 1891 டிசம்பரில், ஆங்கிலக் கம்பெனிக்குப் புகையிலை ஏகபோகம் அளித்ததை எதிர்த்து, சாமர்ராவிலிருந்த மிர்ஸா ஹஸன் ஷீராஸியின் ஃபத்வா வந்தது. நாடு முழுவதும் புகைப்பதை நிறுத்தியது. அரண்மனை அந்தரூனிலும் ஹுக்காக்கள் அகற்றப்பட்டன. யார் ஹராமாக்கியது என்று மன்னர் வினவ, எங்களை உங்களுக்கு ஹலாலாக்கியவரே இதை ஹராமாக்கினார் என அனீசுத் தவ்லா விடையிறுத்தார் என்பது ஈரானியர் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. அடுத்த மாதமே அந்தச் சலுகை நீக்கப்பட்டது.

இன்னொரு காட்சி எனக்கு மிகவும் பிடித்தது. இரவில் மன்னர் உறங்குமுன் நகீபுல் மமாலிக் என்னும் கதைசொல்லி அமீர் அர்ஸலான் என்ற வீரனின் கதையைச் சொல்வார். அரைகுறையாகத் திறந்த கதவுக்குப் பின்னே மன்னரின் மகள் ஃபக்ருத் தவ்லா எழுதுகோலும் தாளுமாக அமர்ந்து, கேட்டதைக் கேட்டவாறே எழுதிக்கொள்வார். பாரசீக மொழியின் மிகப் பரவலான கதைநூல்களுள் ஒன்று இவ்வாறுதான் நூலுருப் பெற்றது. கதை சொன்னவரின் பெயரை எல்லாரும் அறிவர். கதவுக்குப் பின்னே இருந்தவரை எத்தனை பேர் அறிவர்?

அந்தரூனின் மறுபக்கத்தை மறைத்துவிடக் கூடாது. தாஜுஸ் ஸல்தனா 1884இல் பிறந்த இளவரசி. 1914 அளவில் அவர் எழுதிய நினைவுக் குறிப்புகளில் தம் தாயிடம் தமக்கு அன்பு கிட்டவில்லை என்று வெளிப்படையாகக் குமுறுகிறார். அவரைத் தூக்கி வளர்த்தவர் ஒரு கறுப்பினச் செவிலி. தாயன்பு என்று அவர் அறிந்தது அந்த அன்பைத்தான். பொம்மையோடு விளையாடும் வயதில் நிச்சயம், பதின்மூன்று வயதளவில், தம்மையொத்த ஒரு சிறுவனோடு இல்வாழ்க்கை, பின்பு மணமுறிவு. பெண்களின் உரிமைக்காகக் கூடிய சங்கத்திலும் பிற்காலத்தில் அவர் இருந்தார். அவருடைய எழுத்தில் தன்னிரக்கம் மிகுதி என்று குறை கூறுவோர் உண்டு. இருக்கட்டும். ஐந்நூறு பெண்டிர் வாழ்ந்த ஊரிலிருந்து தன்னிரக்கத்துடன் பேச ஒருவராவது துணிந்தாரே!

1896 மே 1ஆம் நாள் ஷா அப்துல் அஸீம் தர்காவில் நாசிருத்தீன் ஷா சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தரூன் கலைந்தது. புதிய மன்னரின் குடும்பம் வந்தது. பழைய மனைவியர் வெளியேறினர். அவர்களுள் ஒருவரான விகாருத் தவ்லா மறுமணம் செய்துகொண்டு, சில ஆண்டுகளில் ஹஜ்ஜுக்குச் சென்று, பயண நூலும் எழுதி வைத்தார்.

இனி 1908க்கு வருவோம். அரியணையில் இருந்தவர் முஹம்மது அலீ ஷா. இவர் யார்? ஃபின் தோட்டத்துக்குத் தாய் எடுத்துச் சென்ற அந்த இரு பெண்குழந்தைகளுள் ஒருவரே உம்முல் காகான் என்னும் பட்டத்துடன் இவரைப் பெற்றவர். அமீர் கபீரின் பேரர். இஸ்ஸத்துத் தவ்லாவின் பேரர். சீர்திருத்தத்துக்காக உயிர் இழந்தவரின் பேரர்தான் 1908 ஜூன் 23ஆம் நாள் ஈரானின் முதல் மக்கள் மன்றத்தின்மீது பீரங்கி முழங்கச் செய்தவர். அதற்கு முந்திய மாதங்களில் எதிரணிப் பேச்சாளர்களும் இதழ்களும் அவருடைய தாயின் ஒழுக்கத்தையே இழிவாகப் பேசியிருந்தனர். மன்னரின் சினத்துக்கு அதுவும் எண்ணெய் வார்த்தது. விடுதலை கேட்டவர்கள் ஆயினும், ஒரு பெண்ணின் மானத்தை ஆயுதமாக்கியது அவர்களுடைய கணக்கில் விழுந்த கறையே.

அன்று மன்னரின் கொசாக்குப் படை பாய்ந்த வீடுகளுள் ஒன்று அவருடைய சொந்த மாமியின் வீடு. நாசிருத்தீன் ஷாவின் மகளான ஃபுரூகுத் தவ்லா, ‘மலிகாயே ஈரான்’ என்னும் பட்டமும் பெற்றவர், கதவுக்குப் பின்னிருந்து கதை எழுதிய ஃபக்ருத் தவ்லாவின் சகோதரி. அவருடைய கணவர் ஸஹீருத் தவ்லா ஒரு ஸூஃபிக் குழுவின் தலைவர்; மக்களாட்சியின்பால் பரிவுடையவர்; அப்போது கீலான் மாகாண ஆளுநராக ரஷ்த் நகரில் இருந்தார். தலைநகர் வீட்டில் மனைவியும் மக்களும் மட்டுமே. படையினர் வீட்டைச் சூறையாடினர். மகன் ஸஹீருஸ் சுல்தான் பிடிபட்டார். கொலைத் தண்டனை அவர் தலைக்கு மேல் தொங்கியது.

அந்நாட்களில் ஃபுரூகுத் தவ்லா ரஷ்துக்கு எழுதிய மடல்களைக் கணவர் பத்திரப்படுத்தினார். அவை அவருடைய நினைவுக் குறிப்புகளோடும் ஆவணங்களோடும் அச்சேறியுள்ளன. வீடு போயிற்று, பொருள் போயிற்று, பிள்ளையின் நிலை தெரியவில்லை என்பதைத் தொலைவில் இருக்கும் ஒருவருக்கு, அதுவும் அதே அரசின் ஊழியராய் இருப்பவருக்கு, எழுத வேண்டிய கட்டாயம். கொள்ளையடித்தவர்களை அனுப்பியவர் யாரோ பகைவர் அல்லர். தம் அண்ணன் முஸஃப்பருத்தீனின் மகன், தம் மருமகன். ஒரு மாமி தம் மருமகனிடம் தம் மகனின் உயிரைப் பிச்சை கேட்கச் செல்ல வேண்டியதாயிற்று. மன்றாடினார். ஸஹீருஸ் சுல்தான் உயிர் தப்பினார்.

அரை நூற்றாண்டுக்கு முன் மன்னரின் தங்கை தம் கணவரைக் காக்க உணவை முதலில் உண்டார், காக்க முடியவில்லை. இப்போது மன்னரின் மாமி மகனைக் கேட்டுப் பெற்றார். இடையில் மாறியது சட்டமா? இல்லை. இரு முறையும் அந்தப் பெண்களின் கையில் இருந்தது உறவு ஒன்றே. அது ஒரு முறை பலித்தது. ஒரு முறை பலிக்கவில்லை. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. ஃபின் தோட்டத்து நாற்பது நாட்களை நாம் பெரும்பாலும் பிறர் எழுதியவற்றால் அறிகிறோம். 1908இன் துயரத்தை அதைப் பட்டவரின் கையெழுத்தாலேயே அறிகிறோம். கணவர் அத்தாள்களை வீசி எறியாமல் வைத்திருந்தார் என்பதே அதற்குக் காரணம்.

இவ்வாறு ஆடவர் ஒருவர் பத்திரப்படுத்தியதால் நமக்குக் கிட்டிய இன்னொரு மடல் தொகுப்பையும் குறிப்பிட வேண்டும். எழுதியவர் நஜ்முஸ் ஸல்தனா என்னும் மலிக் தாஜ் கானம். இளவரசர் அப்பாஸ் மிர்ஸாவின் பேத்தி. பெற்றவர் அவருடைய சகோதரர் அப்துல் ஹுஸைன் மிர்ஸா ஃபர்மான்ஃபர்மா. போர் அமைச்சராக இருந்த அவர் 1898இல் செல்வாக்கு இழந்து, பின் சில ஆண்டுகள் இராக்கில் ஒதுங்கி வாழ நேர்ந்தது. தெஹ்ரானில் அவருக்குக் கண்ணும் காதுமாக இருந்தவர் சகோதரியே. இம்மடல்களை ஆராய்ந்து வரலாற்றாசிரியை மன்சூரா இத்திஹாதிய்யா ஒரு நூலே எழுதியுள்ளார். முக்காட்டுக்குள் தொப்பியணிந்த பெண்டிர் என்னும் கருத்தமைய அதற்குப் பெயரிட்டார்; தொப்பி அங்கே ஆண்மைக்கும் தலைமைக்கும் அடையாளம்.

நஜ்முஸ் ஸல்தனாவின் மடல்களில் ரோஜாவும் இல்லை, புல்புல் பறவையும் இல்லை. நிலம், வருவாய், கடன், குடும்பத்தில் யார் யாருக்குப் பகை, எந்தப் பெண்ணை எந்த வீட்டில் கொடுப்பது, அரண்மனையில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பனவே செய்திகள். அவருடைய சகோதரி புதிய மன்னர் முஸஃப்பருத்தீனின் மனைவி. ஆகவே அரண்மனைச் செய்தி அவருக்கு வீட்டுச் செய்தி. மும்முறை மணமானவர், ஒவ்வொரு மணத்திலும் பெற்ற மக்களின் சொத்தையும் எதிர்காலத்தையும் தாமே கவனிக்க வேண்டியவர். மஹரும் வாரிசுரிமையும் தம் பெயரில் சொத்தை வைத்திருக்கும் உரிமையும் மார்க்கம் பெண்ணுக்கு அளித்தவை. ஆனால் அவற்றைக் காத்துக்கொள்ளும் வேலையை அவரவரே செய்துகொள்ள வேண்டும். கணக்கர் ஏமாற்றுவான், உறவினர் விழுங்கப் பார்ப்பர். அதற்குத்தான் எழுத்து. இவர் எழுதிய மடல்கள் அதிகாரத்தோடு பேசுகின்றன. சில இடங்களில் அண்ணன் தம்பி என்று பாராமல் கடிந்துகொள்கின்றன.

அவருடைய மகன்களுள் ஒருவர் முஹம்மது. தந்தை 1892இல் மறைந்தபோது சிறு பையன். பதினைந்து வயதளவில் குராசான் மாகாணத்தின் வரிக் கணக்குப் பொறுப்பு அவருக்குக் கிட்டியது. அதன் பின்னணியில் அன்னையின் முயற்சி இருந்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. இளமையில் அவதூறுக்கு ஆளாகி அவர் மனம் நொந்திருந்தபோது, மக்களுக்காக ஒருவர் தாங்கும் துன்பத்தைக் கொண்டே சமுதாயத்தில் அவருடைய எடை அளக்கப்படும் என அன்னை சொன்னதாக அவர் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளார். 1951இல் ஈரானின் தலைமை அமைச்சராகி, எண்ணெய்த் தொழிலை நாட்டுடைமையாக்கும் சட்டத்தைச் செயற்படுத்தி, 1953இல் சதியால் வீழ்த்தப்பட்ட டாக்டர் முஹம்மது முஸத்திக்தான் அவர்.

நஜ்முஸ் ஸல்தனா முதுமையில் தம் சொத்திலிருந்து தெஹ்ரானில் ஒரு மருத்துவமனை கட்டி வக்ஃபு செய்தார். 1920களின் இறுதியில் எழுந்த அதற்கு நஜ்மிய்யா என்று பெயர். மன்னர் தந்த பட்டம்தான். ஆனால் இப்போது அது நோயாளிகள் கேட்டு வரும் வாயிலின் பெயராயிற்று. பேரர் டாக்டர் குலாம் ஹுஸைன் அங்கே மருத்துவராகப் பணியாற்றினார். சிறைக்குப் பின் அஹ்மதாபாத் கிராமத்து வீட்டிலேயே காவலில் வைக்கப்பட்டிருந்த முஸத்திக்கை, நோய் முற்றிய நிலையில், சிகிச்சைக்காகத் தெஹ்ரானுக்குக் கொண்டுவர அரசு இசைந்தது. 1967 மார்ச் 5ஆம் நாள், அன்னை வக்ஃபு செய்த அந்த நஜ்மிய்யா மருத்துவமனையில் அவருடைய உயிர் பிரிந்தது.